மூன்று ராஜாவைக் கவிழ்த்தவர்

ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடித்தவர் யாரோ, நிச்சயம் வீட்டில் நாலு பேரோடு இருந்தவராகத்தான் இருக்க வேண்டும். தனி ஆளுக்கு அந்த நாள் சரிப்படாது. லிப்ட் ரிப்பேர் பார்க்கும் லிப்ட்காரர் அதோடு மூன்று வருஷமாக முட்டி மோதிப் பார்த்துவிட்டார். காலையில் எழுந்து, துணி துவைத்துக் காயப்போட்டு, தரையைத் துடைத்து, துடைத்த தரையையே இன்னொரு தடவை துடைத்து, வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில் "சாப்பிட்டீங்களாப்பா, உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்பதற்கெல்லாம் "ம், ம்" சொல்லி முடித்து நிமிர்ந்தால் மணி ஒன்பதரைதான் ஆகியிருக்கும். மிச்ச நாள் அப்படியே கிடக்கும். மனைவி இருந்தவரை அவருக்கு ஞாயிற்றுக்கிழமை போதாமல் இருந்தது. அவள் போன பிறகு அது தீரவே மாட்டேன் என்கிறது.

அந்த நாளில் அவருக்கென்று இருந்தது நாலே நாலு மணி நேரம். மத்தியானம் இரண்டிலிருந்து ஆறு வரை, சலவைக்கடையின் பின்னறையில், போக்கர்.

பின்னறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கம் இரண்டு பெரிய சலவை இயந்திரங்கள், ஞாயிறு என்பதால் வாயைத் திறந்துகொண்டு சும்மா நிற்கும். இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகளும் சட்டைகளும் கம்பியில் வரிசையாகத் தொங்கும். முதல் தடவை வருகிறவர்களுக்கு யாரோ பத்து இருபது பேர் சுவரோரமாக நின்று ஆட்டம் பார்ப்பது போல இருக்கும். நடுவில் ஒரு மடக்கு மேசை, நாலு நாற்காலி. சோப்பும் ஆவியும் கலந்த ஒரு வாசனை. லிப்ட்காரருக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியதும் தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கும்.

ஆடுவது நாலு பேர். சலவைக்கடைக்காரர் இவருக்குச் சம வயது, முப்பது வருஷச் சிநேகிதம், ‘யோவ்’ போட்டுத்தான் பேச்சு. மருந்துக்கடை அக்காவுக்கு ஐம்பது இருக்கும். ஆனால் எழுபது வயதுக் கிழவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார், கடைக்கே பெயர் அப்படி ஆகிவிட்டது. நாலாவது, டவுன் பஸ் ஓட்டும் டிரைவர். நாற்பதை எட்டாத ஆள், ஒரே பெண் குழந்தை, சிரித்த முகம்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடப்படும்; அதை அவரவர் மட்டும் பார்க்கலாம். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விரியும். முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியில் ஒன்று. கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து யாருக்கு நல்ல ஐந்து அமைகிறதோ அவர் பந்தயத்தை அள்ளிக்கொள்வார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றலாம், அதற்கு எல்லையே கிடையாது. மனசு வந்தால் இருப்பதை மொத்தமாக ஒரே தள்ளில் தள்ளிவிடலாம். எதிரில் இருப்பவர் ஈடு கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்க வேண்டும். எப்போது கவிழ்ப்பது என்று தெரிந்தவன்தான் ஆட்டக்காரன், மற்றவனெல்லாம் சூதாடி என்பது லிப்ட்காரரின் கட்சி.

காசு வைத்து ஆடுவதில்லை. பத்து இருபது வருஷமாகத் துவைத்த துணிகளிலிருந்து கழன்று விழுந்து, யாரும் கேட்டு வராத பொத்தான்கள் இரண்டு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்று. கறுப்புக் கோட்டுப் பொத்தான் பத்து. ஆளுக்குச் சமமாக எண்ணிக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுவார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி கிடையாது. பொத்தான்தானே என்று லேசாக நினைத்துவிடக் கூடாது. லிப்ட்காரர் ஒரு கறுப்புப் பொத்தானை விடுவதற்கு யோசிக்கிற நேரத்தில் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்துவிடலாம்.

அந்த மேசைக்கென்று இரண்டு சட்டம் இருந்தது. கையில் பொத்தான் இருக்கும்வரை ஆறு மணிக்கு முன்னால் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது ஒன்று. அதைப் போட்டவர் லிப்ட்காரர்தான். எட்டுப் பேர் ஆடிய காலத்தில் ஒரு எலக்ட்ரீஷியன் முதல் அரை மணியில் பாதிப் பொத்தானை அள்ளிக்கொண்டு, "வேலை இருக்கு" என்று சட்டையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டான். லிப்ட்காரருக்கு வந்ததே கோபம், அன்றைக்கே சட்டம் பிறந்துவிட்டது. இரண்டாவது, ஒருவர் காலியாகி மூன்று பேர் மிஞ்சினால் மேசையை மடக்கிவிடுவது. "மூணு பேரு உக்காந்தா அது சீட்டாட்டம் இல்லைய்யா, பஞ்சாயத்து" என்பார் சலவைக்கடைக்காரர். எட்டுப் பேர் இருந்தபோது அந்தச் சட்டத்துக்கு வேலையே வரவில்லை. இரண்டு பேர் ஊர் மாற்றிப் போனார்கள், ஒருவருக்கு முழங்கால் போயிற்று, எலக்ட்ரீஷியன் அன்றைக்குப் போனவன் போனவன்தான். இப்போது நாலு பேர். ஒருவர் தோற்றால் அன்றைய ஞாயிறு முடிந்தது.

கொஞ்ச காலமாக அது சீக்கிரம் சீக்கிரமாக முடிந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் அக்கா ஒன்றுமில்லாத சீட்டுக்கு மொத்தத்தையும் தள்ளி நாலரைக்குக் காலியானாள். அடுத்த வாரம் சலவைக்கடைக்காரர், நாலே கால். அதற்கும் அடுத்த வாரம் டிரைவர், நாலு மணிகூட ஆகவில்லை. லிப்ட்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பேரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். எது நல்ல கை, எது ஆபத்தான கை, நடுவில் விழுந்த சீட்டைப் பார்த்ததும் எப்படி ஒதுங்க வேண்டும் என்று மேசையில் சீட்டைப் பரப்பிக் காட்டினார். மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டினார்கள். அடுத்தடுத்த வாரங்களில் அதைவிட மோசமாக ஆடினார்கள்.

அவர் மட்டும் காலியானதே இல்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அவர் மொத்தத்தையும் தள்ளினால் மற்ற மூன்று பேரும் சீட்டை உடனே கவிழ்த்துவிடுவார்கள். ‘ஐயா கை வெச்சா சும்மா வெக்க மாட்டாரு’ என்ற பயம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இந்த ஞாயிறு வரும்போதே அவர் ஒரு முடிவோடு வந்தார். இன்றைக்கு ஆறு மணி வரை மேசை நிற்க வேண்டும். இவர்களுக்குக் கவிழ்க்கத் தெரியாவிட்டால் தானே கவிழ்த்துக் காப்பாற்றுவது. யாரும் தன் கையால் காலியாகக் கூடாது. ஜெயித்து என்ன கட்டிக்கொண்டு போகப்போகிறார்? வீட்டில் கொண்டுபோய்க் காட்டவும் ஆள் இல்லை.

இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. ஆரம்பத்திலிருந்தே டிரைவர் ஒரு நிலையில் இல்லை. ஐந்தும் நாலும் வைத்துக்கொண்டு பாதிப் பொத்தானை அக்காவிடம் கொட்டப் பார்த்தார். கடைசிச் சீட்டாக ஒரு ஐந்து விழுந்து அவரையே ஜெயிக்க வைத்துவிட்டது. ஜெயித்தவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா "அடக் கஷ்டமே" என்றாள். தோற்றதற்குச் சொல்கிறாள் என்று லிப்ட்காரர் நினைத்துக்கொண்டார். டிரைவர் இரண்டு தடவை போனை எடுத்து மேசைக்கடியில் பார்த்துவிட்டு வைத்தார்.

‘வீட்டுல ஏதோ சண்டை போல’ என்று லிப்ட்காரர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். பாவம், இங்கே வந்து நாலு மணி நேரம் நிம்மதியாக இருக்கலாம் என்று வந்திருக்கிறான். இவனை எப்படியும் ஆறு வரை உட்காரவைத்துவிட வேண்டும்.

மூன்று மணி சுமாருக்கு அந்தக் கை வந்தது.

சலவைக்கடைக்காரர் சீட்டைப் போட்டார். லிப்ட்காரர் விரலால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்: கிளாவர் ராஜா, டைமண்ட் ராஜா. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டார். டிரைவர் இரண்டு கறுப்பு வைத்தார். அக்காவும் சலவைக்கடைக்காரரும் ஒதுங்கிவிட்டார்கள். லிப்ட்காரர் ஈடு கொடுத்தார்.

நடுவில் மூன்று சீட்டு விரிந்தது. ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஒன்பது, ஸ்பேடு நாலு. ஆக, இவரிடம் மூன்று ராஜா. வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி அமைந்தால் பெரிய விஷயம். டிரைவர் ஐந்து கறுப்பு வைத்தார். இவர் யோசிப்பது போலக் கொஞ்ச நேரம் காதைத் தடவிவிட்டு ஈடு கொடுத்தார். நாலாவது சீட்டு ஆர்ட்டின் ஆறு.

டிரைவர் இரண்டு கையாலும் எல்லாப் பொத்தானையும் நடுவில் தள்ளினார். வெள்ளையும் கறுப்பும் சரிந்து ராஜாவை மூடிவிட்டன.

"மொத்தமும்ணே" என்றார்.

லிப்ட்காரர் நாற்காலியில் சாய்ந்தார். நடுவில் மூன்று ஆர்ட்டின் கிடக்கிறது. டிரைவரிடம் இன்னும் இரண்டு ஆர்ட்டின் இருந்தால் ஒரே இனத்தில் ஐந்தாகிவிடும். மூன்று ராஜாவும் அதற்கு முன்னால் செல்லாது. அப்படி இருந்தாலும் இவருக்கு வழி இல்லாமல் இல்லை. கடைசிச் சீட்டு ஒரு ராஜாவாகவோ, ஒன்பதாகவோ, ஆறாகவோ, நாலாகவோ விழுந்தால் இவர் கை அதையும் தாண்டிவிடும். பார்க்காத சீட்டு நாற்பத்தாறு, உதவக்கூடியது பத்து. ஐந்தில் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். அதை நம்பி இறங்குவது பைத்தியக்காரத்தனம். ஆனால் டிரைவரிடம் இரண்டு ஆர்ட்டின் இருக்கிறதா?

இருக்க வாய்ப்பில்லை. டிரைவருக்கு நல்ல சீட்டு வந்தால் தன்னையறியாமல் காலாட்டுவார்; பிரேக்கும் கிளட்ச்சும் மிதித்துப் பழகிய கால், சும்மா இருக்காது. அந்த மடக்கு மேசை லேசாக அதிரும். நாலு வருஷமாக லிப்ட்காரர் அதை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார். இப்போது உள்ளங்கையை மேசைமேல் பரப்பிப் பார்த்தார். மேசை அசையவே இல்லை. பையன் வெறுங்கையை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான், சந்தேகமே இல்லை. ஈடு கொடுத்தால் ஜெயம் நிச்சயம்.

அங்கேதான் சிக்கல். டிரைவரிடம் இருந்தது இவரிடம் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. இவர் தோற்றால் ஒரு பிடிப் பொத்தானாவது மிஞ்சும், மேசை நிற்கும். ஜெயித்தால் டிரைவர் காலி, சலவைக்கடைக்காரர் எழுந்து மேசையின் காலை மடக்குவார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து. மூன்றரைக்கு வீட்டுக் கதவைத் திறந்தால் துடைத்த தரை, மடித்த துணி, அணைத்த அடுப்பு. ராத்திரிப் பத்து மணி வரை ஆறரை மணி நேரம். போன வாரம் அப்படித்தான் போய், ஒரு வேலையும் இல்லாமல், நன்றாக இருந்த குழாயைக் கழற்றி மறுபடி மாட்டினார். அதை நினைத்ததும் அவருக்கு ஒரு பயம் வந்தது. தோற்கிற பயத்தை அவர் பலதடவை பார்த்திருக்கிறார். இது ஜெயித்துத் தொலைத்துவிடுவோமோ என்கிற பயம்.

"என்னய்யா, தூங்கிட்டியா?" என்றார் சலவைக்கடைக்காரர்.

"யோசிக்க விடுய்யா."

"அண்ணே, ஈடு குடுங்கண்ணே" என்றார் டிரைவர். குரல் கொஞ்சம் கெஞ்சுவது போல இருந்தது. மிரட்டுகிறவன் இப்படித்தான் வாயைக் கொடுப்பான், பாவம், என்று லிப்ட்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ‘உன்னைக் காப்பாத்துறேன், இருடா’ என்று நினைத்தபடி இரண்டு ராஜாவையும் கவிழ்த்தே தள்ளினார்.

"எடுத்துக்கோ. உன் கைதான் பெரிசு."

பொய் சொல்லி ஜெயித்தவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு அடக்கினாலும் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிடும். டிரைவர் முகமோ கடைசி பஸ்ஸை விட்டவன் முகமாக ஆகிவிட்டது. குவிந்து கிடந்த பொத்தான்களை அவர் தொடவே இல்லை. கையிலிருந்த இரண்டு சீட்டையும் விட்டெறிந்தார். அவை வழுக்கிக்கொண்டு போய் அக்காவின் டீக் கோப்பையில் இடித்துத் திரும்பி விழுந்தன. கிளாவர் இரண்டு, டைமண்ட் ஏழு. போக்கரில் அதைவிடக் கேவலமான கை கிடையாது.

"இத வெச்சுக்கிட்டா முதல்லயே ரெண்டு கறுப்பு வெச்ச?" என்றார் லிப்ட்காரர். "மிரட்டினாலும் ஒரு கணக்கு வேணாமா? நான் அன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தேன்?"

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா டிரைவரைப் பார்த்தாள். சலவைக்கடைக்காரர் குனிந்து, காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு, இயந்திரச் சத்தத்தில் பேசிப் பழகிய குரலில் சொன்னார்:

"கவலப்படாத, அடுத்த கையில போயிடலாம்."

போயிடலாம் என்றால்? லிப்ட்காரருக்கு மூளையில் ஏதோ ஒன்று இடறியது. லிப்ட் நிற்கக் கூடாத மாடியில் நிற்கும்போது எந்தக் கம்பி தப்பு என்று அவர் உடனே சொல்ல மாட்டார். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். இப்போதும் அதையே செய்தார். அடுத்த கை போடப்பட்டதும், தன் சீட்டைப் பார்க்காமலே எல்லாப் பொத்தானையும் நடுவில் தள்ளினார்.

மூன்று பேரும் கவிழ்த்தார்கள்.

அதற்கடுத்த கை. மறுபடி பார்க்காமலே தள்ளினார். அக்கா, சலவைக்கடைக்காரர், டிரைவர், மூன்று பேரும் மறுபடி கவிழ்த்தார்கள். ஒருவர்கூட யோசிக்கவில்லை. அவர்களும் தங்கள் சீட்டைச் சரியாகப் பார்த்தமாதிரி தெரியவில்லை.

மூன்றாவது கையில் அவர் தன் இரண்டு சீட்டையும் எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி மல்லாக்கப் போட்டார். ஒரு எட்டு, ஒரு மூன்று. இனம்கூட வேறு வேறு.

"மொத்தமும்" என்றார். "என்கிட்ட ஒண்ணும் இல்ல. எல்லாரும் பாத்துக்கிட்டீங்க. இப்ப ஈடு குடுங்க."

 டிரைவர் கவிழ்த்தார். சலவைக்கடைக்காரர் கவிழ்த்தார். அக்கா தன் சீட்டைப் பார்த்தாள், மூச்சை இழுத்துவிட்டாள், அவளும் கவிழ்த்தாள். லிப்ட்காரர் எட்டி அவள் சீட்டைத் திருப்பினார். அடுத்தவர் சீட்டைத் தொடுவது அந்த மேசையில் யாரும் செய்யாத காரியம். இரண்டு ஏஸ்.

"ரெண்டு ஏஸ வெச்சுக்கிட்டு, எட்டு மூணுக்குப் பயந்து கவுத்தியா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

"எத்தன நாளா இது நடக்குது?"

"விடுய்யா" என்றார் சலவைக்கடைக்காரர்.

"எத்தன நாளான்னு கேட்டேன்."

அக்காதான் சொன்னாள். மருந்து கொடுக்கும்போது எத்தனை வேளை என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"அண்ணி போனதுலேர்ந்து, அண்ணே. உங்கள முதல்ல வெளிய அனுப்பக் கூடாதுன்னு நாங்க மூணு பேரும் பேசி வெச்சோம். அப்பல்லாம் அஞ்சாறு பேரு ஆடுவோம், நாலு மணிக்கே காலியாகி நீங்க மட்டும் தனியா எந்திரிச்சுப் போறத பாக்க முடியாதுன்னு. அதான் நீங்க தள்ளினா ஈடு குடுக்கிறதில்ல."

"அப்ப நீங்க மட்டும் காலியாகுறது?"

 கடைசியில் டிரைவர், தரையைப் பார்த்துக்கொண்டு, "முறை வெச்சிருக்கோம்ணே" என்றார். "ஒரு வாரம் ஒருத்தர். ஒருத்தர் தோத்துட்டா மத்தவங்களும் வீட்டுக்குப் போயிடலாம்ல. இன்னிக்கு என் முறை. பொண்ணுக்கு நாலரைக்கு நீச்சல் போட்டி. மூணரைக்குள்ள கெளம்பிடலாம்னு சொல்லிட்டு வந்தேன். இந்தப் பாழாப்போன சீட்டு இன்னிக்குன்னு பாத்து ஜெயிக்குது."

"எந்திரிச்சுப் போக வேண்டியதுதானே? உன்னை யாரு கட்டி வெச்சா?"

"சட்டம் இருக்கேண்ணே" என்றார் டிரைவர். பிறகு, இன்னும் மெதுவாக, "முன்ன ஒரு தடவ பாப்பாவுக்குக் காச்சல்னு பாதியில போனேன். ரெண்டு வாரம் நீங்க என்கூடப் பேசல" என்றார்.

லிப்ட்காரருக்கு அது நினைவிருந்தது. ரொம்ப நன்றாகவே நினைவிருந்தது.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. எழுந்து மேசையைப் புரட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ‘பிச்சை போட்டிருக்கிறார்கள் எனக்கு. மூன்று வருஷமாக, வாரா வாரம். இப்போது முறை வேறு வைத்து.’ தான் இவர்களுக்குப் பாடம் எடுத்ததை நினைத்ததும் காது இரண்டும் சுட்டது. இவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்து மூன்று ராஜாவைக் கவிழ்த்தாரே, அதைப் போல எத்தனை கையை அவருக்காக இவர்கள் கவிழ்த்திருப்பார்கள்? அப்புறம் அந்தக் கோபம் எங்கேயோ வடிந்துபோய் வெட்கம் மட்டும் மிஞ்சியது. அதற்கும் அடியில் இருந்தது பழைய பயம்தான். இந்த நாலு மணி நேரமும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையில் மிச்சம் என்ன?

ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். "சரி, பரவாயில்ல, இனிமே அஞ்சு மணி வரைக்கும் ஆடுவோம்" என்று சிரித்து மழுப்பினால் மூன்று பேரும் உடனே ஒத்துக்கொள்வார்கள். அடுத்த வாரமும் வருவார்கள். வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நல்லவர்கள், அதுதான் தொல்லை. அவர் கேட்காவிட்டால் ஆயுசுக்கும் இப்படியே தோற்றுக்கொண்டிருப்பார்கள்.

மணி மூன்று இருபத்தெட்டு.

லிப்ட்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அது அடிக்கவில்லை, அதிரவில்லை, திரையில் வெளிச்சம்கூட வரவில்லை. எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ. ஆமா, நான்தான் பேசுறேன். எங்க? எந்த மாடியில?" கொஞ்ச நேரம் கேட்டார். "சரி. வரேன். பத்து நிமிஷம்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே மூன்று பேரையும் பார்த்துச் சொன்னார்: "லிப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சாம். நான் போயாகணும்."

ஞாயிற்றுக்கிழமை அவசர வேலைக்கு இளவட்டங்களைத்தான் கம்பெனி அனுப்பும், இவரைக் கூப்பிடாது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். சலவைக்கடைக்காரர் வாயைத் திறந்தார். அக்கா மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

"ஐயோ, போங்கண்ணே" என்றாள். "பாவம், உள்ள யாரு தவிக்கிறாங்களோ."

"ஆமாய்யா, உடனே போ" என்றார் சலவைக்கடைக்காரர். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

லிப்ட்காரர் எழுந்தார். முன்னால் பொத்தான் குவியல் அப்படியே கிடந்தது. அவருக்கு முன்னால் யாரும் அந்த மேசையிலிருந்து அப்படி எழுந்ததில்லை, எலக்ட்ரீஷியனையும் காய்ச்சல் நாளில் டிரைவரையும் தவிர.

"அடுத்த ஞாயிறு ரெண்டு மணிக்குத்தானே?" என்று சலவைக்கடைக்காரர் கேட்டார். கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"அடுத்த ஞாயிறும் எனக்கு டியூட்டி போட்டிருக்காங்க. அதுக்கடுத்ததும் போடுவாங்க போல. எனக்காக யாரும் காத்திருக்காதீங்க." டிரைவரைப் பார்த்தார். "நீ என்னடா இன்னும் உக்காந்திருக்க? நாலரைக்குத்தானே போட்டி? ஓடு."

வெளியே வந்தபோது வெயில் முகத்தில் அடித்தது. இந்த நேரத்துக்கு அவர் அந்தத் தெருவைப் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஒரு வீட்டு மாடியில் யாரோ குழந்தையை வைதுகொண்டிருந்தார்கள், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தம் வரை நடந்து போய்த்தான் போன் இன்னும் காதிலேயே இருப்பதைக் கவனித்தார். எடுக்கலாம் என்று கையை இறக்கும்போது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

டிரைவர். அதே நிறுத்தத்துக்குத்தான் வர வேண்டும், வேறு வழியில்லை. மூச்சு வாங்க வந்து இரண்டடி தள்ளி நின்றார். ஏதோ சொல்ல நினைத்து, இவர் போனில் இருப்பதைப் பார்த்து, மரியாதையாக வாயை மூடிக்கொண்டார். பஸ் இன்னும் தெருமுனையில்தான் திரும்பிக்கொண்டிருந்தது.

சும்மா நிற்க முடியாது. லிப்ட்காரர் பேச ஆரம்பித்தார். மாட்டிக்கொண்டவர்களிடம் முப்பது வருஷமாகப் பேசிப் பேசி வாயில் ஊறிப்போன பேச்சு, அது தானாக வந்தது.

"ஹலோ, சொல்லுங்க. உள்ள எத்தன பேரு இருக்கீங்க?" பஸ் வந்து நின்றது. டிரைவர் ஏறினார், படியில் நின்று கையைத் தூக்கினார். இவரும் தூக்கினார். பஸ் கிளம்பியது. அது கண்ணுக்கு மறைந்த பிறகும் அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஒருத்தர்தானா? சரி. பயப்படாதீங்க. கதவைப் போட்டுத் தட்டாதீங்க, தட்டினா தெறக்காது. காத்து வரும், ஒண்ணும் ஆகாது. அப்படியே கீழ உக்காந்துக்கோங்க. நான் லைன்லதான் இருக்கேன்."